தட்டு கொண்டு வராத இருபத்தைந்து பேர்

திருக்கழுக்குன்றம்,
பங்குனி 18.

அன்பு மகள் ஜெயப்பிரியாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. மலைமேல் இருக்கும் வேதகிரீஸ்வரர் தயவில் நானும் உன் அம்மாவும் அவரவர் காலில் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதில் அம்மாவின் வலது கால் மட்டும் படி ஏறும்போது தகராறு செய்கிறது. நீ அங்கே மெல்போர்னில் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் நாங்கள் இங்கே நிம்மதியாகப் படுக்கிறோம். பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிறது. பின்பக்கத்து மாமரம் இந்த வருஷம் கொள்ளையாகப் பூத்தது, ஒரே காற்றில் பாதி போச்சு, மீதியை அணில் பார்த்துக்கொள்கிறது. உன் தம்பி சரவணகுமாருக்கு பொத்தேரியில் ஷிப்ட் மாற்றிவிட்டார்கள், அவன் வருவதும் தெரியவில்லை போவதும் தெரியவில்லை, வாசலில் செருப்பு கிடந்தால் துரை உள்ளே தூங்குகிறார் என்று புரிந்துகொள்கிறோம். ராஜாராம் மாமா மகன் நிதின் அடுத்த வாரம் உன் ஊருக்கு வருகிறான், அவன் பையில் அம்மா வடகமும் நார்த்தங்காய் ஊறுகாயும் திணித்து வைத்திருக்கிறாள், ஏர்போர்ட்டில் எதைப் பிடுங்கிக்கொள்வார்களோ, இந்தக் கடிதத்தை யாரும் பிடுங்க மாட்டார்கள் என்று அவனிடமே கொடுத்தனுப்புகிறேன். தினம் ஃபோனில் பேசுகிற ஆள் எதற்கு இப்போது பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று நீ யோசிப்பாய். ஃபோனில் நாம் இரண்டு பேரும் சாப்பிட்டியா, சாப்பிட்டேன் என்பதைத் தாண்டி இரண்டு வருஷமாகப் பேசுவதில்லை அம்மா. அது என் தப்பு. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன், இடையில் நிறுத்தாமல் படி.

இரண்டு வருஷத்துக்கு முன் நீ லீவில் வந்திருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நம் வாசலில் யாரோ ஒருவர் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கோடு தட்டு கொண்டுவந்து என் காலில் விழுந்தார். மஞ்சள் காமாலை நன்றாகிவிட்டது, உங்கள் கைராசி என்றார். உனக்குத்தான் தெரியுமே, இருபத்திரண்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் கீழாநெல்லியை அரைத்து நெல்லிக்காய் அளவு மூன்று உருண்டை பிடித்துக் கொடுக்கிறேன், மூன்று நாள் வெறும் வயிற்றில் மோரில் கரைத்துக் குடிக்க வேண்டும், உப்பும் எண்ணெயும் ஆகாது, ஒரு பைசா வாங்கினாலும் மருந்து பலிக்காது. குணமானவர்கள் ஒரு தட்டு கொண்டுவருவது மட்டும் வழக்கம். அந்த ஆள் போனதும் நீ என்னிடம் மெல்லத்தான் கேட்டாய், அப்பா, மருந்தே சாப்பிடாமல் சும்மா படுத்திருந்தவர்களில் எத்தனை பேருக்குச் சரியானது என்று. ஒட்டுறவு என்று ஒரு வார்த்தை சொன்னாய், இரண்டு சேர்ந்தே நடந்தாலும் ஒன்றால்தான் மற்றது நடந்தது என்று ஆகாதாம். நான் கண்டக்டராகப் போன பஸ்ஸையே எடுத்துச் சொன்னாய், சாயங்காலம் நம் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போது கோயில் மணி அடிக்கும், பஸ் வந்ததாலா மணி அடித்தது, இரண்டுக்கும் ஆறு மணி என்பதுதானே பொது என்று. பஸ் கதைக்குச் சிரித்தேன். அதையே மருந்துக்குப் பொருத்தியதும் எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. ரெண்டு எழுத்து படிச்சுட்டு அப்பன் கையையே சோதிக்கறியா, எழுந்து உள்ளே போ என்றேன், வந்திருந்தவர்கள் எல்லாரும் பார்க்க. நீ உள்ளே போனாய். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை, மறந்ததுபோல் நடித்துக்கொண்டிருந்தேன். நீ அங்கே முதல் வருஷத்துப் பிள்ளைகளுக்கு இதைத்தான் பாடமாக நடத்துகிறாய் என்று தம்பி சொன்னபோதும் நடத்தட்டுமே என்று விட்டேன்.

இந்தத் தை மாசம் இருசப்பன் வந்தான். மாமல்லபுரத்துக்கு வடக்கே குப்பத்தில் இருக்கிறவன், படகுக்காரன், நான் அந்த ரூட்டில் ஓடிய காலத்திலிருந்து பழக்கம், நீ சின்னவளாக இருந்தபோது வஞ்சிரம் கொண்டுவந்து கொடுப்பானே அவன்தான். கண் இரண்டும் மஞ்சள். உருண்டை கொடுத்தனுப்பினேன். நான்காம் நாள் ஃபோன் செய்து அரிக்கிறது, குளிர் காய்ச்சலும் வருகிறது என்றான். சிலருக்கு இறங்க நேரமாகும், இன்னும் மூன்று நாள் குடி என்று மறுபடி உருண்டை கொடுத்தனுப்பினேன், துளி சந்தேகம் இல்லாமல் கொடுத்தேன். எட்டாம் நாள் அவன் மருமகள் ரஞ்சிதா யாரையும் கேட்காமல் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். பித்தக் குழாயில் கல் அடைத்திருந்ததாம். சீழ் பிடித்து ரத்தத்தில் கலக்க ஆரம்பித்திருக்கிறது, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் ஆள் இல்லை என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். கல்லை எடுத்துவிட்டார்கள், பிழைத்தான். நான் பார்க்கப் போனபோது ரஞ்சிதா வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள், அழுது முடித்த முகம். நாலாம் நாளே கூப்பிட்டேன், கண்டக்டரு குடுத்தது வீண் போவாதுன்னு வர மாட்டேன்னுட்டாரு என்றாள். அப்புறம் என்னை நேராகப் பார்த்து, பெரிப்பா, நீ நல்லவன்தான், நீ நல்லவன்றதாலதான் எங்க மாமனாரு எட்டு நாளா வூட்லயே படுத்துகினு இருந்தாரு என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு டிக்கெட் எடுக்கக்கூட மறந்துபோச்சு, முப்பத்தொரு வருஷம் கண்டக்டராக இருந்தவனை ஒரு கண்டக்டர் தோளைத் தட்டிக் கேட்டார்.

உனக்கு என் டைரி தெரியும். ஏறுகிற ஆளை எழுதியே பழகிய கை, மருந்து வாங்கியவர் பெயர், ஊர், தேதி எல்லாம் எழுதி வைப்பேன். தட்டு வந்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சுழி. நீ கேள்வி கேட்டுவிட்டுப் போன பிறகு வந்தவர்களை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டேன், இருசப்பனைச் சேர்க்காமல் அறுபத்து மூன்று பேர். சுழி போட்டது முப்பத்தெட்டு. மீதி இருபத்தைந்து. இத்தனை வருஷமாக அந்தச் சுழி இல்லாத ஆட்களை நான் நன்றி கெட்டவர்கள் என்றுதான் நினைத்து வந்தேன், உன் அம்மாவிடம் சொல்லிச் சொல்லித் திட்டியும் இருக்கிறேன். அவர்களுக்கு என்ன ஆனது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நன்றாக ஆனவன்தானே தட்டோடு வருவான், ஆகாதவன் எதற்கு என் வாசலுக்கு வரப்போகிறான், இந்தச் சின்ன விஷயம் என் மரமண்டைக்கு இருபத்திரண்டு வருஷமாக ஏறவில்லை. டிரைவர் சுப்பிரமணியை அழைத்துக்கொண்டு அவன் வண்டியில் ஊர் ஊராகப் போனேன். மூன்று வாரம் ஆனது. நான்கு பேர் வீடு மாறிப் போயிருந்தார்கள், கண்டுபிடிக்க முடியவில்லை. பதினேழு பேர் நன்றாக இருந்தார்கள், தட்டு கொண்டுவர நேரமில்லை, அவ்வளவுதான். அந்தப் பதினேழில் ஆறு பேர் மருந்தைக் குடிக்கவே இல்லை என்று சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். சைக்கிள் கடைக்காரர் ஒருவர், கசப்பு தாங்கல நைனா, மூணு நாளும் முருங்க மரத்துக்கு ஊத்திட்டேன், மரம் நல்லா காச்சுது என்றார். சுப்பிரமணி விழுந்து விழுந்து சிரித்தான். நான் டைரியை எடுத்து அவர் பெயருக்குப் பக்கத்தில் குடிக்கவில்லை என்று எழுதினேன். குடித்தவனுக்கும் சரியானது, முருங்கைக்கு ஊற்றியவனுக்கும் சரியானது என்றால் நான் எதற்கு? ஆறு பேரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று நீ சொல்வாய், தெரியும். கீழாநெல்லியையும் நான் குறை சொல்லவில்லை, அதற்குக் குணம் இருக்கலாம் இல்லாமலும் இருக்கலாம், எனக்குத் தெரியாது என்பதுதான் இப்போது எனக்குத் தெரிந்தது. மூன்று பேர் இருசப்பன்போல ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்தவர்கள், என்னிடம் சொல்லச் சங்கடப்பட்டு விட்டுவிட்டார்களாம். எல்லாம் கூட்டினால் இருபத்து நான்கு. இன்னும் ஒரு பெயர் இருந்தது.

அச்சரப்பாக்கத்துக்குப் பக்கத்துக் கிராமம், அந்தப் பெண்ணின் பெயர் வேண்டா. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தால் நம் பக்கத்தில் வைக்கிற பெயர்தான். முப்பத்தெட்டு வயது, போன புரட்டாசியில் புருஷன் எல்லப்பனோடு வந்து மருந்து வாங்கிப் போனாள், எனக்கு முகம்கூட சரியாக ஞாபகமில்லை. வீட்டுக்குள் போனதும் சுவரில் மாலை போட்ட படம். எல்லப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு மோர் கொடுத்தான். அவனுக்கு என்மேல் ஒரு வருத்தமும் இல்லை. நீ இன்னா பண்ணுவ நைனா, உன் மருந்து குட்ச்சப்புறம் ரெண்டு நாளு எழுந்து குந்திகினு கஞ்சி குட்ச்சா, தேறிடுவான்னு இருந்தோம், பத்தாம் நாளு நெனவு தப்பிச்சு, ஆஸ்பத்திரிக்கு எடுத்துகினு போறதுக்குள்ள முத்திப்போச்சு, அவ தலையெழுத்து என்றான். சொல்லிவிட்டு, நல்லவேளை நீயே வந்துட்ட, பொண்ணுக்கும் ரெண்டு நாளா கண்ணு மஞ்சளா கீது, மூணு உருண்டை குடு என்றான். ஜெயா, எட்டிப் பார்த்தேன். உள்ளே அவன் மகள் காயத்ரி பிளஸ் டூ புத்தகத்தை மார்பில் வைத்தபடி படுத்திருக்கிறாள், பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. என் பையில் உருண்டை இருந்தது, பழக்கதோஷத்தில் எடுத்துப் போயிருந்தேன். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுவது எவ்வளவு சுலபம். இல்லப்பா, மருந்து தர மாட்டேன், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அவன் முகம் மாறிவிட்டது. அவ அம்மாவுக்குக் குடுத்த, இதுக்கு மட்டும் இல்லன்றியா, நாங்க தட்டு எடுத்துகினு வரலன்னு கோவமா நைனா என்றான். அந்த ஒரு கேள்வியில் நான் செத்துப் பிழைத்தேன். அப்போதுதான் வாயைத் திறந்து சொன்னேன், எல்லப்பா, என் மருந்தால ஒருத்தர் பொழச்சாங்கன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது, அத நம்பிகினு வூட்ல ஒக்காந்துடாதீங்க என்று. இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. அவன் நம்பினானோ இல்லையோ, கிளம்பினான். மூன்று பேரும் பஸ் ஏறி செங்கல்பட்டு போனோம். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், சாயங்காலம் வரை காத்திருந்தோம். சாதாரணக் காமாலைதான், தண்ணீரால் வந்தது, தனியாக மருந்து ஒன்றும் வேண்டாம், கொதிக்கவைத்த தண்ணீர், ஓய்வு, வாரம் ஒரு தடவை ரத்தப் பரிசோதனை, தூக்கமாகவே கிடந்தாலோ வாந்தி நிற்காவிட்டாலோ உடனே தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு வாரமும் நானும் கூடப் போனேன், வீட்டில் சும்மா உட்கார்ந்து எதைக் கிழிக்கப்போகிறேன்.

அந்தப் பெண் தேறிவிட்டாள். பரீட்சையும் எழுதிவிட்டாள், கணக்குப் பேப்பர் கஷ்டமாம். போன ஞாயிறு காலை எல்லப்பன் வந்து நின்றான், கையில் தட்டு. தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, எல்லாம் முறையாக வைத்திருந்தான். உன் கைராசிதான் நைனா என்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது அழுகையும் வந்தது. நான் ஒண்ணுமே குடுக்கலியேப்பா என்றேன். கூட வந்தல்ல என்றான். உன் கேள்விக்கு இதைவிடப் பெரிய பதில் எனக்குக் கிடைக்காது, மருந்தே கொடுக்கவில்லை, தட்டு மட்டும் வந்துவிட்டது. ஆனால் தட்டை வாங்கக் கை நீளவில்லை. வேண்டா வந்த அன்னிக்கே இந்த மாதிரி உங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கணும், நான் அனுப்பல எல்லப்பா என்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் வாங்கினால் அந்தத் தேங்காய் எனக்குச் செரிக்காது. அவன் தட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். உள்ளேயிருந்து அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அப்புறம் தலை நிமிராமலே கேட்டான், அன்னிக்கே கூட்டிகினு போயிருந்தா பொழச்சிருப்பாளா நைனா என்று.

நீயே சொல் ஜெயா. மருந்து குடித்த பிறகு பிழைத்தான், அதனால் மருந்தால் பிழைத்தான் என்று இத்தனை வருஷம் சொன்னது தப்பு என்றால், மருந்து குடித்த பிறகு செத்தாள், அதனால் என்னால் செத்தாள் என்பதும் அதே தப்புதானா? அப்படிச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாமா? என் உருண்டை அவளை ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கலாம், ஆனால் அந்தப் பத்து நாள் அவளை வீட்டிலேயே இருக்க வைத்தது அந்த உருண்டைதானே. முதல் நாளே போயிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாளோ என்னவோ. படுத்தால் இதுதான் ஓடுகிறது. உன் அம்மா, நடந்தது நடந்துபோச்சு, போட்டுக் குழப்பிக்காதீங்க என்கிறாள். எல்லப்பனிடம், என் பொண்ணு இதைத்தான் படிச்சிருக்குது, வெளிநாட்டுல புள்ளைங்களுக்குச் சொல்லியும் குடுக்குது, அதக் கேட்டுச் சொல்றேன் என்றேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது, எந்தக் கேள்விக்காக உன்னை எழுந்து உள்ளே போ என்றேனோ அந்தப் படிப்பிடமே இப்போது கைநீட்டுகிறேன். என்னை மன்னித்துவிடு அம்மா. ஊர் பார்க்க உன்னைத் தலைகுனிய வைத்தேன், இரண்டு வருஷம் அதைப் பற்றிப் பேசாமலும் இருந்தேன். எல்லப்பன், சரி நைனா, கேட்டுச் சொல்லு என்று எழுந்து போனான். தட்டு இன்னும் கூடத்திலேயே இருக்கிறது, வாழைப்பழம் மட்டும் கறுக்க ஆரம்பித்ததால் அம்மா பசுமாட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். வருகிறவர்களைப் பக்கத்துச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போகிறேன், பரிசோதனை முடிந்த பிறகு வேண்டுமானால் பேசலாம் என்கிறேன், பாதிப் பேர் கண்டக்டருக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சு என்று திட்டிவிட்டுப் போகிறார்கள். டைரியில் இனி சுழி கிடையாது, வந்தவர் அத்தனை பேருக்கும் ஒரு மாசம் கழித்து ஃபோன் செய்து விசாரித்து எழுதுகிறேன். இருசப்பன் படகில் இன்னும் ஏறவில்லை, கரையில் உட்கார்ந்து வலை பார்க்கிறான், உன்னை விசாரித்தான். நீ உடம்பைப் பார்த்துக்கொள். காலையில் காப்பியை மட்டும் குடித்துவிட்டு ஓடாதே, நிதின் சாப்பாட்டுக்குத் திண்டாடினால் ஒரு மாசம் பார்த்துக்கொள், ஊறுகாயில் எண்ணெய் மேலே நிற்கிற மாதிரி வை, இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும் என்று அம்மா எழுதச் சொன்னாள். நீ நீண்ட ஆயுசோடும் நல்ல பெயரோடும், கேட்க வேண்டியதை எந்தச் சபையிலும் பயப்படாமல் கேட்கிற தைரியத்தோடும் இருக்க வேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் மனசார வாழ்த்துகிறோம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. சித்திரை பிறந்த மறுநாள் எல்லப்பன் பதில் கேட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அதற்குள் எழுது. அப்பா மனசு நோகுமே என்று மகளாக எழுதாதே, உன் வகுப்பில் எழுந்து நின்று கேட்கிற பிள்ளைக்கு எப்படிச் சொல்வாயோ அப்படி எழுது. என்ன எழுதியிருந்தாலும் அவன் எதிரில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
கண்ணாயிரம்